காண்டாக் கம்பு நுனியில் மூன்று மணி நேரம்

என் அக்கா புருஷன் உட்கார்ந்து நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். முதல் தடவை கடலில், ஒரு காண்டாக் கம்பின் நுனியில், மூன்று மணி நேரம். இரண்டாவது தடவை வீட்டில். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குந்துவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இயந்திரத்துக்கு அடியில் எட்டிப் பார்க்கக் குந்துவார், நுனிக்காலில், எந்த நொடியும் எழுந்துகொள்கிற மாதிரி. அது உட்காருவது ஆகாது. சோறும் நின்றுகொண்டுதான். தட்டைக் கையில் ஏந்தியபடி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பார். மூன்றாவது நடையில் தட்டு காலியாகிவிடும். விருந்துக்குப் போனால்தான் அவருக்கு ஆபத்து. வாழையிலையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாதல்லவா? அதனால் பந்தி நடக்கும்போது பரிமாறுகிறவர்களோடு சேர்ந்து வாளியைத் தூக்கிக்கொள்வார். கடைசியில் சமையல்காரரிடம் ஒரு தட்டு வாங்கி, மரத்தடியில் நின்று சாப்பிடுவார்.

தஞ்சோங் காராங் டவுனில் படம் பார்க்கப் போனால் அக்கா மட்டும் உட்காருவாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய குடை உட்காரும். அவர் கடைசிச் சுவரில் சாய்ந்து நிற்பார், இடைவேளைக்குப் பிறகு வெளியே போய் யாருடைய மோட்டார் சைக்கிளையாவது பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களுடைய கல்யாணப் போட்டோவிலேயே அவர் தோள் கலங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. போட்டோக்காரர் மூன்று தடவை எடுத்தாராம். "உக்காந்தா துரு ஏறிடும், மாப்ள" என்பார் என்னிடம். நான் அவரை மச்சான் என்பேன்.

ஈஜோக் பக்கம் எண்ணெய் பிழியும் ஒரு செம்பனை ஆலையில் அவர் ஃபிட்டர். அதற்கு முன் செகிஞ்சானில் நெல் ஆலை, அதற்கும் முன் சுங்கை பஞ்சாங்கில் தண்ணீர் இறைக்கும் பம்பு, இன்னும் சில இடங்கள். எங்கேயும் அவரை வேலையைவிட்டு அனுப்பியதில்லை. நன்றாகத்தான் வைத்திருப்பார்கள். இவருக்குத்தான் கால் அரிக்கும். ஒன்பது வருடத்தில் ஏழு வீடு. அக்கா சாமி படத்தை மட்டும் ஆணியில் மாட்டுவாள், பெரிய பாத்திரங்களை அட்டைப் பெட்டியைவிட்டு வெளியில் எடுக்கவே மாட்டாள். நான் அப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தேன். அக்கா வீட்டில் தங்கி மோட்டார் சைக்கிளில் போய்வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் அந்த அட்டைப் பெட்டிகளைத்தான் பார்ப்பேன், கயிறு கட்டியாகிவிட்டதா என்று.

ஒன்பது வருடத்தில் குழந்தை இல்லை. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் அதை அக்காவிடம்தான் கேட்பார்கள். அவரிடம் யார் கேட்பது? நிற்கிறவரிடம்தானே கேட்க முடியும், அவர் அதற்குள் நடந்துவிடுவார். அக்கா சிரித்துச் சமாளித்துவிட்டு வந்து பாத்திரத்தைத் தேய்ப்பாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் புதுச் சாமானையும் முதலில் உடைத்துப் பார்ப்பார். ஆலைக்குப் புதுக் கயிறு வந்தால் ஒரு முழத்தை வெட்டி டிராக்டரில் கட்டி, அறுகிறவரை இழுக்க வைப்பார். அக்கா ஆசையாக வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நின்று குதித்து அதன் காலை முறித்துவிட்டு, "எங்க உடையும்னு தெரிஞ்சிருச்சில்ல, இனிமே நம்பி வாங்கலாம்" என்றார். அக்கா அதன் பிறகு நாற்காலியே வாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பேரிங் வாங்கக் கிள்ளானுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார். பேரிங் இல்லாமல் வந்தார். அதற்கப்புறம் அவருடைய நடை இன்னும் மோசமாகிவிட்டது. கட்டிலை வாரத்துக்கு இரண்டு முறை திசை மாற்றிப் போட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காற்றாடியைப் பிரித்தார். பிறகு ஒரு நாள், எஸ்டேட்டின் பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன காயாக் ஒன்று பங்களா ஸ்டோரில் கிடப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகக் கால் நீட்டி உட்காரும் ஒல்லியான ஃபைபர் படகு. வயிற்றில் விரிசல். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

விரிசலை அடைத்தார். இரண்டு பக்கமும் தள்ளி, கனத்த பிளாஸ்டிக் குழாய்களின் வாயை அடைத்து மிதவையாக்கினார். நடுவில் படகு, இந்தப் பக்கம் ஒரு மிதவை, அந்தப் பக்கம் ஒரு மிதவை. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே இரண்டு கம்பு வேண்டும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வளைய வேண்டும், முறியக் கூடாது. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவரின் கண், கூரைக்கு அடியில் செருகியிருந்த காண்டாக் கம்புகளின் மேல் விழுந்தது.

ரப்பர் மரம் சீவிய காலத்தில், பால் வாளி இரண்டை இரு நுனியிலும் தொங்கவிட்டுத் தோளில் தூக்குவார்களே, அந்தக் கம்பு. எங்கள் அம்மாவும் பெரியம்மாவும் இருபது வருடம் தூக்கியவை. எந்த வீட்டுக்கு மாறினாலும் அக்கா அவற்றைக் கூடவே கொண்டுவந்துவிடுவாள். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தபின் அவற்றுக்கு வேலை இல்லை. "பாரு மாப்ள, நடுவுல தோளு, ரெண்டு பக்கம் வாளி. அதேதான் இது" என்று கம்பைத் தோளில் வைத்து ஆட்டிக்காட்டினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அக்காவுக்கும் பட்டது. தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும்.

உரச் சாக்குகளைப் பிரித்துத் துவைத்து, அக்காதான் படகுக்குப் பாய் தைத்தாள். மிஷினை மிதித்துக்கொண்டே, நூலைப் பல்லில் கடித்தபடி என்னிடம் சொன்னாள். "குவாலா சிலாங்கூருல கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ரான்னு எனக்கும் தெரியும்டா. இவரு மீன் பிடிக்கவா படகு கட்டுறாரு? நான் தைச்சுக் குடுத்த பாயிலயே என்னைய விட்டுட்டுப் போயிடுவாரோன்னு இருக்கு. நீயும் கூடப் போ. ரெண்டு பேரா போனா ரெண்டு பேரா வரணும்."

எனக்கு நீச்சல் தெரியாது. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சரி என்றுவிட்டேன்.

கடலுக்குப் போகுமுன் எஸ்டேட் குளத்தில் ஒத்திகை. வேறு யாராவது இருந்தால் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். இவர் படகு உடைந்தால் என்ன செய்வது என்பதை மட்டும்தான் கற்றுக்கொடுத்தார். பாய் விரித்து ஓடிக்கொண்டிருக்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பக்கத்து மிதவையின் கட்டை அவிழ்த்துவிடுவார். நான் ஆறு தடவை குளத்தில் விழுந்தேன். ஏழாவது தடவை எனக்குப் பாடம் வந்துவிட்டது. முதலில் பாய்க்கயிற்றை விடு. உடையாத பக்கம் உடம்பைச் சாய். படகைத் திருப்பி, உடைந்த பக்கத்தைக் காற்று வருகிற பக்கமாக வை. அப்போது காற்று படகை நல்ல மிதவையின் மேல் சாய்த்துவிடும், உடைந்த பக்கம் சும்மா அந்தரத்தில் நிற்கும். பிறகு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓட்டலாம். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். குளத்தில் எந்தத் திசையில் ஓடினாலும் கரை வந்துவிடும் என்பது மட்டும் எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலை லோரியில் படகை ஏற்றிக்கொண்டு போய் ஆற்றில் இறக்கினோம். வற்று நீர் எங்களைக் கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. சதுப்பு மரங்கள் பின்னால் போயின. சேற்றுத் திட்டைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவர் பின்னால் வழக்கம்போல் உட்காராமல் முட்டி போட்டு நின்றார். கம்பு இரண்டும் மெல்ல வளைந்து வளைந்து நிமிர்ந்தன, அம்மா நடந்து வருகிற மாதிரி. எனக்குப் பயம்கூடக் கொஞ்சம் விட்டுப்போனது. குன்றின் மேலிருந்த கலங்கரை விளக்கம் விரலளவு ஆனபோது, போதும் மச்சான் என்றேன். அவரும் மனமில்லாமல் திருப்பினார்.

அப்போதுதான் தெற்கிலிருந்து காற்று பலமாக எழும்பியது. வீடு கிழக்கே. காற்று வலப்பக்கம் அடித்தது, படகு இடது மிதவையின் மேல் அழுந்தியது. இரண்டு மூன்று அலை தாங்கியது. நான்காவது அலையில் முன்கம்பின் இடப்பக்கம் படாரென்று வாயைப் பிளந்தது. அந்த வெட்டில் பின்கம்பும் திருகி முறிந்தது. மிதவை கயிற்றில் தொங்கிக்கொண்டு படகை இடித்தது. அதன் மேல் செருகி வைத்திருந்த துடுப்பு ஒன்று போயே போய்விட்டது.

கை தானாக வேலை செய்தது. கயிற்றை விட்டேன், வலப்பக்கம் சாய்ந்தேன். அவர் மிச்சமிருந்த ஒரே துடுப்பால் படகைச் சுழற்றினார். இடப்பக்கம் காற்றுக்கு வந்ததும் படகு வலது மிதவையில் சாய்ந்து அமைதியாகிவிட்டது. குளத்தில் படித்த பாடம் பிசகாமல் பலித்தது. உடைந்த மிதவையை இழுத்துப் படகோடு கட்டிவிட்டு, முறிந்த கம்பைத் தடவிப் பார்த்தார். நான் படகின் விளிம்பை விடாமல் பிடித்திருக்கிறேன், அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"வாளி கீழ இழுக்கும் மாப்ள. கடலு மேல தள்ளும். இருவது வருசமா கீழயே வளைஞ்ச கம்பு. அடிப்பக்கம் நசுங்கிக் கெடந்திருக்கு, மேல தள்ளுனதும் தொறந்துக்கிச்சு. இதை நான் யோசிக்கவே இல்ல லா."

கம்பைத் தலைகீழாகக் கட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்குமாம். சொல்லிக்கொண்டே போனார். நான் குன்றைத் தேடினேன். அது எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. படகு சொகுசாக, வேகமாக, மேற்கே போய்க்கொண்டிருந்தது.

திருப்பினால் மறுபடி காற்று வலப்பக்கம், சாய்வதற்கு இடது மிதவை இல்லை. பாயை இறக்கிவிட்டுத் துழாவலாம் என்றால் துடுப்பு ஒன்று, வற்று நீர் இன்னும் வெளியே ஓடுகிறது. என்ன செய்வது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இப்படியே போவோம் என்றார். அரை மணி ஆனது. திரும்பக் கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவர் துடுப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் அவ்வளவு தூரம் வந்து, படகு உடைந்து, அந்த மனிதர் சந்தோஷமாக இருந்தார்.

"இப்படியே விட்டா நாளைக்கு அந்தப் பக்கம். கம்பு ஒடைஞ்சிருச்சு, திரும்ப முடியலன்னு சொன்னா யாரு என்னா சொல்ல முடியும்?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா சொன்னது சரி. இவர் போகத்தான் வந்திருக்கிறார். குடிதண்ணீர் ஒரு போத்தல்தான் இருந்தது. அந்தப் பக்கம் போய்ச் சேர்வோமா என்பதே சந்தேகம், சேர்ந்தாலும் அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்? எதைச் சொன்னால் இந்த மனிதர் திரும்புவார் என்று தேடினேன். கிடைத்தது ஒன்றுதான். வெட்கமில்லாமல் எடுத்து வீசினேன்.

"அக்கா முழுகாம இருக்கு, மச்சான். இப்ப சொல்ல வேணாம்னுச்சு."

அவர் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. சந்தோஷப்படுவார், இல்லை திகைப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. என்னையே பார்த்தார். பிறகு பாயைப் பாதியாகச் சுருட்டிக் கட்டினார். துடுப்பையும் கயிற்றையும் என் கையில் கொடுத்துப் பின்னால் உட்காரச் சொன்னார். அவர் வலப்பக்கக் கம்புகளின் மேல் ஊர்ந்துபோய், மிதவைக்கு மேலே, நுனியில் உட்கார்ந்தார்.

காற்று படகை இடப்பக்கம் தள்ளும். அவருடைய எடை வலப்பக்கம் இழுக்கும். உடைந்த மிதவையின் வேலையை அவர் உடம்பு எதிர்ப்பக்கத்திலிருந்து செய்ய வேண்டும். ஒரு சாண் உள்ளே வந்தால் கவிழ்வோம். ஒரு சாண் வெளியே போனால் மிதவை முங்கும். குன்றைப் பார்த்து ஓட்டு என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. மூன்று மணி நேரம் அவர் அசையவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அலை இடுப்பு வரை ஏறி இறங்கியது. வெயில் முதுகை உரித்தது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட உட்காராத மனிதர் அங்கே உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஏதாவது பேசுங்கள் மச்சான் என்று இரண்டு தடவை கெஞ்சினேன்.

மத்தியானத்துக்கு மேல் ஏற்று நீர் எங்களைத் தூக்கி ஆற்றுக்குள் விட்டது. கரையில் அவரால் காலை நீட்ட முடியவில்லை. மடங்கிய முட்டியோடு அப்படியே சேற்றில் இழுத்து வந்து போட்டேன். மல்லாந்து கிடந்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தன மாசம்னு சொல்லுச்சா?"

தெரியாது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

வீட்டில் அவர் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. இன்று கேட்பார், நாளை கேட்பார் என்று நான்தான் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரவே பயமாக இருந்தது. பார்த்தால், அக்கா தண்ணீர் வாளியைத் தூக்கும்போது ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறார். ஈரத் தரையில் சாக்கைப் போடுகிறார். செகிஞ்சானிலிருந்து மாம்பழம் வாங்கி வருகிறார். "என்னடா இவருக்கு? வாளியைத் தொட விடமாட்டேங்கிறாரு" என்று அக்கா என்னிடம் வந்து சிரித்தாள். ஒன்பது வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

மூன்றாவது வாரம், கொட்டகையில் படகைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கடலில் சொன்னது பொய், மச்சான்.

அவர் முடிச்சை அவிழ்ப்பதை நிறுத்தவில்லை. "அப்படியா" என்றார். முடிச்சு அவிழ்ந்ததும், "கிள்ளான்ல ஒரு டாக்டர்கிட்ட டெஸ்ட் எடுத்தேன், பேரிங் வாங்கப் போனேன்ல, அன்னிக்கு. எனக்குப் புள்ள பொறக்காதாம் மாப்ள. உங்க அக்காவுக்குத் தெரியாது" என்றார்.

அவர் சொன்னது உள்ளே இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் கடலில் வீசியது என்ன வார்த்தை, அது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. அப்படியானால் ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டேன்.

"அதான் மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன்ல. பொய்யா இருந்தா நீ பயந்து போயிருக்க, உன்னைக் கரையில விடணும். நெசமா இருந்தா அந்தப் புள்ளைக்கு ஒரு அப்பன் வேணும். எதுவா இருந்தாலும் வந்துதானே ஆகணும்."

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். இத்தனை நாள் லயமே அக்காவைக் குத்திக்கொண்டிருக்கிறது, இவர் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு படகு கட்டியிருக்கிறார். அவளிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் முறிந்த கம்பை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். சொன்னால் போய்விடுவாளா என்று கேட்டார். எங்கே உடையும் என்று உடைத்துப் பார்த்தால்தானே உங்களுக்குத் தெரியும் என்றேன். குரூரமான பேச்சுதான். அன்றைக்கு என் வாயில் வந்தது அது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நான் கொட்டகை வாசலிலேயே நின்றேன். அடுப்படிச் சன்னல் திறந்திருந்தது. அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வழக்கம்போல ஒரு நடை நடந்தார், இரண்டாவது நடை நடந்தார். பிறகு அவள் எதிரில், தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அக்காவின் கத்தி நின்றது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் பதறிக் கேட்டாள்.

"என்னாங்க ஆச்சு? உக்காந்துட்டீங்க?"